பனிநிலத்து ஊர்களும் தம் கையிற்கொண்ட மருத்துவமும்

(பொழிவின் எழுத்துவடிவம்)



உலக நிலப்படத்தை விரித்து, வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையிற் கண்ணைச் செலுத்துங்கள். பெருநிலம் முடிந்து, குறுகிய கடலுக்கு அப்பால் உருசிய மண் தென்படும் இடத்தில், அலாசுக்கா என்னும் நிலம் கிடக்கின்றது. 1867ஆம் ஆண்டு உருசிய வேந்தன் அதனை அமெரிக்க ஒன்றிய நாடுகளுக்கு விலைபேசி விற்றான். விற்றவனுக்கும் அஃது உரியதன்று, வாங்கியவனுக்கும் உரியதன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அம்மண்ணில் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்துவந்த மக்களை எவரும் ஒரு சொல்லுங் கேட்கவில்லை.

தமிழ்நாட்டைப்போற் பதின்மூன்று மடங்கு பரந்த நிலம் அது. மக்கள்தொகையோ 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏழரை இலக்கத்தை எட்டவில்லை. அவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மண்ணின் மக்கள். யூப்பிக், இனுப்பியாத், அத்தபாசுக்கர், திலிங்கித்து, அலியூத்து என அவருட் பல இனத்தார் உளர். 'எசுக்கிமோ' என்று பள்ளி நூல்களிற் படித்திருப்பீர்கள். அது பிறர் இட்ட பெயர். அவர்கள் தம்மைக் குறித்துக்கொள்ளும் 'யூப்பிக்' என்னுஞ் சொல்லுக்கு 'உண்மையான மாந்தர்' என்பதே பொருள். பெயரிடும் உரிமை பிறர் கையிற் போனால் மாந்தன் எப்படி மறைகின்றான் என்பதற்கு இவ்வொரு சொல்லே போதும்.

அந்நிலத்து ஊர்களுள் ஐந்தில் நான்கிற்குச் சாலை இல்லை. சிற்றூர்களுக்கு மட்டுமன்று, மேலைக்கடற்கரைப் பகுதியின் தலைமையிடமாகிய பெத்தேல் நகருக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. கோடையிற் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேற் பனிவண்டி, மற்றபடி சிறு வானூர்தி. பனிப்புயல் எழுந்தால் வானூர்தியும் இல்லை. அத்தகைய ஊரில் நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறினால் யார் வருவார்? இவ்வொரு வினாவிற்கு அம்மக்கள் கண்ட விடையே இன்றைய பொழிவின் பொருள்.

முதலில், விடை இல்லாதிருந்த காலத்தைக் காண்போம். 1918ஆம் ஆண்டின் இறுதியில் உலகையே உலுக்கிய நச்சுக்காய்ச்சல் அங்கும் சென்றது. கடற்கரையில் இன்று பிரெவிக் மிசன் எனப்படும் சிற்றூரில் 80 பேர் இருந்தனர். ஐந்தே நாளில் 72 பேர் மாண்டனர். உறைமண்ணில் ஒரே குழியில் அவர்களை அடக்கினர். 1951ஆம் ஆண்டிலும் 1997ஆம் ஆண்டிலும் ஆய்வாளர் ஒருவர் வந்து அக்குழியைத் திறந்து, கெடாது கிடந்த உடல்களிலிருந்து நோய்க்கூற்றை எடுத்துச் சென்றார். ஊரவையின் ஒப்புதல் பெற்றே அவர் திறந்தார் என்பதையுஞ் சொல்லிவிடவேண்டும். எனினும், உயிரோடிருந்த நாளில் எட்டாத மருத்துவ அறிவு, மாண்டபின்னரே அவ்வூரை எட்டிப் பார்த்தது.

1925ஆம் ஆண்டு நோம் நகரிற் குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் நோய் பரவிற்று. அங்கிருந்த மருத்துவர் ஒருவரே. மாற்றுமருந்து ஆங்கரேசு நகரிலிருந்து நெனானா வரை தொடர்வண்டியில் வந்தது. அங்கிருந்து 674 கல் தொலைவை இருபது ஓட்டிகள் நாய்கள் இழுத்த சறுக்குவண்டிகளிற் கைம்மாற்றிக் கைம்மாற்றி ஐந்தரை நாளிற் கடந்து நோமிற் சேர்த்தனர். ஓட்டியவருட் பலர் மண்ணின் மக்களே. இறுதிக் கட்டத்தில் ஓடிய பால்ட்டோ என்னும் நாய்க்கு அவ்வாண்டிலேயே நியூயார்க்கு நகரிற் சிலை எழுந்தது. நாய்க்குச் சிலை வைத்ததிற் குறையொன்றுமில்லை. ஓட்டிய மண்ணின் மக்களின் பெயரைத்தான் உலகம் கேட்கவில்லை.

ஆனால், அம்மக்களை உண்மையிற் கொன்றொழித்தது ஐந்து நாளில் முடியும் நோயன்று. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே குடியிருந்த என்புருக்கி நோய். யூக்கான், குசுக்கோக்குவிம் என்னும் இரு பேராறுகளின் கழிமுகத்தில், 1950களின் தொடக்கத்தில், நோய் தொற்றாத குழந்தைகளுள் ஆண்டுதோறும் நான்கில் ஒன்றுக்கு அது தொற்றிற்று. ஒன்பது பத்து அகவைக்குள் தொற்றாத குழந்தை அரிது என்னும் நிலை. மருத்துவமனைகளிற் படுக்கை போதவில்லை. இடங்கிடைத்தவர்களை அலாசுக்காவின் தென்கோடிக்கும், அதனையுங் கடந்து வாசிங்டன் மாநிலத்து மருத்துவமனைகளுக்கும் கொண்டுசென்றனர். சிறு அகவையிற் சென்ற குழந்தை இரண்டு, மூன்று ஆண்டு கழித்து நோய் நீங்கித் திரும்பியது. தாய் பேசுவது அதற்கு விளங்கவில்லை. நுரையீரல் தேறியது, நா மாறிப்போயிற்று.

இவ்விடத்திலேதான் திருப்பம் நேர்ந்தது. 1952ஆம் ஆண்டு ஐசோனியசிடு என்னும் மாத்திரை இந்நோய்க்குப் பயன்படுவது தெளிவாயிற்று. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாதெனின், மாத்திரையை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுசென்றால் என்ன? ஆயின், ஓராண்டும் அதற்கு மேலும் நாள்தவறாமல் விழுங்கவேண்டிய மருந்து அது. நாள்தோறும் யார் கொடுப்பது? யார் விழுங்கச் செய்வது? வெள்ளை மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோவார். அவருக்கு ஊர்மொழியுந் தெரியாது. ஆகவே ஊராரே தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாக இருந்தார். மாத்திரைப் பெட்டியை அவர் கையிற் கொடுத்தனர். கூலி இல்லை, பட்டம் இல்லை, வீடுவீடாக நடந்து, 'இன்று விழுங்கினாயா?' என்று தாய்மொழியிற் கேட்பதே வேலை.

1957ஆம் ஆண்டு தொடங்கிப் பெத்தேல் பகுதியின் ஊர்களிற் பெரியதோர் ஆய்வு நடந்தது. நோய் முற்றாத வீட்டாரும் மாத்திரை உண்டால் நோயைத் தடுக்கலாமா என்பதே ஆய்வின் வினா. உண்டவர்களிடத்தில் நோய் பாதிக்கு மேற் குறைந்தது. உலக மருத்துவ நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது. நூல்களில் ஆய்வாளர் பெயர் நிற்கின்றது. ஊர்தோறும் மாத்திரையை எண்ணிக் கொடுத்து, விழுங்கியதைக் கண்ணாற் கண்டு, தாளிற் குறித்தவர்கள் அவ்வூர் மக்களே.

இவ்வாறு பட்டறிவிற் பிறந்த ஏற்பாட்டை 1968ஆம் ஆண்டு அமெரிக்கப் பேராயம் ஒப்புக்கொண்டு பணம் ஒதுக்கிற்று. 'ஊர்நலத் துணைவர்' திட்டம் என்று தமிழில் அதனைச் சொல்லலாம். ஊரவை தன் ஊர்க்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் நகருக்குச் சென்று மூன்று நான்கு கிழமை பயில்வார்; ஊருக்குத் திரும்பித் தொண்டாற்றுவார்; மீண்டுஞ் சென்று பயில்வார். இவ்வாறு நான்கு கட்டம். தொடக்கக்காலத் துணைவர்களுட் பலர் சிற்றூர்த் தொடக்கப்பள்ளிக்கு மேற் படிக்காதவர்கள். அக்காலத்திற் சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளியே இல்லை. 1976ஆம் ஆண்டு ஒரு வழக்கு உடன்பாடாக முடிந்த பின்னரே ஊர்தோறும் உயர்நிலைப் பள்ளி வந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணிடம் ஊரின் உயிரை ஒப்படைப்பதா என்று நகைத்தவர்களும் உண்டு. அவர்கட்குத் துணைவரின் கைப்பெட்டியில் இருந்த கையேடே மறுமொழி. இருமலா? எத்தனை நாளாய்? காய்ச்சல் உண்டா? மூச்சு நிமையத்திற்கு எத்தனை? ஒவ்வொரு வினாவிற்கும் வரும் விடைக்கேற்ப அடுத்த பக்கத்தைக் கையேடு காட்டும். எங்கே தன் அறிவு முடிகின்றதோ அங்கே மருத்துவரைக் கேள் என்று நிறுத்தும். தன் அறிவின் எல்லை தெரிந்தவரே நல்ல மருத்துவர் என்பது பட்டம் பெற்றவருக்கும் பொருந்துமன்றோ!

மருத்துவரைக் கேட்பதெப்படி? வானொலி வழியாக. குறித்த நேரத்திற் பெத்தேல் மருத்துவமனை மருத்துவர் ஒலிபெருக்கியின் முன் அமர்வார். ஊர் ஊராகத் துணைவர்கள் அழைத்துத் தம் நோயாளிகளின் நிலையைச் சொல்வர். அதே அலைவரிசையை வைத்திருந்த வீடெல்லாம் யாருக்கு என்ன நோய் என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது! கமுக்கம் என்பதே இல்லை. இன்னொரு தொல்லையும் இருந்தது. வடவானில் வண்ண ஒளி ஆடும் நாளில் வானொலி ஊமையாகிவிடும். நாட்கணக்கில் ஒரு சொல்லும் எட்டாது. அந்நாளில் துணைவர் தனியே நின்றார். 1971ஆம் ஆண்டு செயற்கைக்கோள் வழியாகச் சில சிற்றூர்களைத் தனானா மருத்துவமனையோடு இணைத்து ஆய்ந்து பார்த்தனர். ஒலி தெளிவாக வந்தது. இன்று காதுக்குள்ளே எடுத்த ஒளிப்படத்தை ஊரிலிருந்து நகருக்கு அனுப்பி மருத்துவர் கருத்தைப் பெறுகின்றனர். அப்படம் எடுப்பவரும் அதே ஊர்நலத் துணைவரே. இத்திட்டம் வளர்ந்த நிலையில் 170 ஊர்களுக்கு மேல் ஏறத்தாழ 550 துணைவர் பணியாற்றினர்.

துணைவர் ஊராராக இருந்தாலும், மருத்துவமனை நடுவணரசின் கையிலேயே இருந்தது. யாரை அமர்த்துவது, எந்த ஊருக்கு எவ்வளவு பணம், எதனை முதலிற் செய்வது என்பதெல்லாம் தொலைவிலிருந்து வந்த ஆணை. மக்கள் தாமே அமைப்புகளை நிறுவத் தொடங்கினர். 1969ஆம் ஆண்டு யூக்கான்-குசுக்கோக்குவிம் நலவாழ்வு நிறுவனமும், 1970ஆம் ஆண்டு நோம் பகுதியில் நார்ட்டன் சவுண்டு நலவாழ்வு நிறுவனமும் தோன்றின. 1975ஆம் ஆண்டு 'இந்தியர் தன்னாளுகைச் சட்டம்' வந்தது. (கொலம்பசு திசைமாறி வந்து இட்ட தவறான பெயரை அந்நாட்டுச் சட்டம் இன்னுஞ் சுமக்கின்றது!) நடுவணரசு தங்களுக்கெனச் செலவிடும் பணத்தைத் தாங்களே பெற்றுத் தங்கள் மருத்துவமனையைத் தாங்களே நடத்தலாம் என்பதே அச்சட்டத்தின் சாறு. 1994ஆம் ஆண்டு அலாசுக்காவின் இனக்குழுக்கள் பல ஒன்றுகூடி அரசோடு ஒரே உடன்படிக்கை செய்துகொண்டன. 1990களின் இறுதியில் ஆங்கரேசு நகரின் பெரிய மருத்துவமனையும் அவர்கள் ஆளுகைக்கு வந்தது. இன்று அலாசுக்காவின் மண்ணின் மக்களுக்குரிய மருத்துவத்தொண்டு ஏறத்தாழ முழுவதும் அவர்கள் கையிலேயே உள்ளது.

கை மாறினால் என்ன மாறும்? அதே மருந்து, அதே ஊசி, அதே கத்தி என்பார் உளர். மாறியவற்றுள் இரண்டை மட்டும் விரித்துச் சொல்வது போதும்.

முதலாவது, உணவு. வடகோடியிற் கோட்செபூ என்னும் ஊரில் முதியோர் இல்லம் ஒன்றை மணிலாக்கு என்னும் மண்ணின் மக்கள் அமைப்பு 2011ஆம் ஆண்டு தொடங்கிற்று. அங்கு வாழும் முதியவர்கள் கடல்நாயின் கொழுப்பிலிருந்து வடிந்த எண்ணெயைத் தொட்டு உண்டு வளர்ந்தவர்கள். நமக்கு நல்லெண்ணெயும் நெய்யும் எவ்வாறோ, அவர்களுக்கு அஃது அவ்வாறு. ஆயின், காற்றுப்புகா இடத்திற் பெருகும் கொடிய நச்சுயிர் அவ்வெண்ணெயில் தோன்றக்கூடும் என்னுங் கரணியத்தால், இல்லங்களில் அதனைப் பரிமாற மாநில விதி இடந்தரவில்லை. அச்சம் பொய்யன்று, அந்நஞ்சால் அங்கு மாண்டவர் உண்டு. வேறொருவர் நடத்திய இல்லமாயின் 'விதி இல்லை' என்று கைவிரித்திருப்பர். இவர்கள் விதியை மீறவுமில்லை, எண்ணெயை விடவுமில்லை. அறிவியலாரைத் துணைக்கொண்டு, எவ்வளவு வெம்மையில் எவ்வளவு நேரம் வைத்தால் நஞ்சு அழியும், சுவை கெடாது என்பதைப் பல ஆண்டு ஆய்ந்து மெய்ப்பித்தனர். 2021ஆம் ஆண்டு மாநில அரசு ஒப்புதல் தந்தது. முதியவர்கள் தம் இலையில், தம் எண்ணெயை மீண்டுங் கண்டனர். பசியாத முதியவருக்குப் பசியெடுப்பதும் மருத்துவமே!

இரண்டாவது, பல். சிற்றூர்களுக்குப் பல் மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. வந்தவர் சொத்தைப் பல்லை அடைப்பதினும் பிடுங்குவதே மிகுதி. இளம் பெண்களும் முன்பற்களின்றி வாய்மூடிச் சிரித்தனர். நியூசிலாந்து நாடு 1921ஆம் ஆண்டிலிருந்தே பள்ளிக்குழந்தைகளுக்குப் பல் காக்கும் செவிலியரைப் பயிற்றி வருவதை அறிந்து, அலாசுக்கா மக்கள் 2003ஆம் ஆண்டு தம் இளைஞர் சிலரை அந்நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினர். பனிநிலத்திலிருந்து தென்கடல் தாண்டி, ஈராண்டுப் பயிற்சி! அவர்கள் திரும்பிச் சிற்றூர்களிற் பல்லை அடைக்கத் தொடங்கியதும், அமெரிக்கப் பல் மருத்துவர் கழகம் 2006ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. பட்டமில்லாதவர் பல்லைத் தொடலாகாது என்பது அதன் வாதம். பட்டமுள்ளவர் அவ்வூரில் ஒருவரும் இல்லையே என்னும் வினாவிற்கு அவ்வழக்கில் விடை இல்லை. 2007ஆம் ஆண்டு வழக்குமன்றம் பல்நலத் துணைவர் பக்கம் நின்றது. அவ்வாண்டிலேயே அலாசுக்காவிற்குள்ளேயே பயிற்சியுந் தொடங்கிற்று.

ஆங்கரேசிற் 1982ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சவுத்துசென்றல் அறக்கட்டளையோ நோயாளி என்னுஞ் சொல்லையே ஒதுக்கிவிட்டது. வருகின்றவர் மருத்துவத்தைப் பெறுபவர் மட்டுமல்லர், அதற்கு உடையவருமாவர் என்று பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றது. அவ்வமைப்பு அமெரிக்க நாட்டின் உயர்ந்த தர விருதை 2011, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிற் பெற்றது. அடிமைப்பட்ட இனம் ஆளத்தெரியாது என்று சொல்லித்திரிவோர் இதனைக் கேட்கட்டும்.

புகழை மட்டுஞ் சொல்லி அமர்வது உண்மைக்குச் செய்யும் இரண்டகமாகும். முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் அண்மைக்காலம் வரை வீட்டுக்குக் குழாய்நீர் இல்லை. கழிவைத் தொட்டியிற் சுமந்து கொட்டினர். கைகழுவ நீரில்லாத வீட்டுக் குழந்தைக்கு மூச்சுநோயும் தோல்நோயும் மிகுதி என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இளைஞர் தற்கொலை அங்குப் பெருந்துயராக நீடிக்கின்றது. ஊர்நலத் துணைவரின் சுமையும் எளியதன்று. இருநூறு பேர் வாழும் ஊரில் எந்த நோயாளியும் அவருக்கு அயலார் அல்லர். ஆற்றில் மூழ்கியவனைக் கரையிற் கிடத்தி மூச்சூட்டும்போது, கிடப்பவன் தன் உடன்பிறந்தான் மகனாக இருப்பான். இரவும் பகலும் அழைப்பு வரும். சில ஆண்டிற் களைத்து விலகுவோர் பலர். அவ்விடம் திங்கட்கணக்கில் வெறுமையாகக் கிடப்பதும் உண்டு.

இன்னொரு குறை, இவ்வவையோர் நெஞ்சைத் தைப்பது. மருத்துவமனை கைக்கு வந்தது. மொழி கையை விட்டுக்கொண்டிருக்கின்றது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக வாயைச் சவர்க்காரத்தாற் கழுவப்பட்ட தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கொடுக்க அஞ்சிற்று. யூப்பிக் மொழியை இன்று பேசுவோர் ஏறத்தாழப் பதினாயிரவர். பிற மொழிகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஈயாக்கு மொழியை இயல்பாகப் பேசிய இறுதி மாந்தராகிய மேரி சுமித்து சோன்சு என்னும் மூதாட்டியார் 2008ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். 2014ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இருபது தாய்மொழிகளை ஆட்சிமொழிகள் என்று அறிவித்தது; அறிவிப்புக்கு மேல் நடைமுறை குறைவு. ஊர்நலத் துணைவரின் கையேடு ஆங்கிலத்திலேயே உள்ளது. மூதாட்டி யூப்பிக்கிற் சொல்லும் நோவைக் கேட்டு, ஆங்கிலக் கையேட்டிற் பக்கம் புரட்டி, ஆங்கிலத்தில் மருத்துவரிடஞ் சொல்லி, மீண்டும் யூப்பிக்கில் மூதாட்டிக்கு விளக்குபவர் அத்துணைவர். அவர் அம்மொழியை இழந்துவிடின், மூதாட்டியின் நோவு பாதிவழியிலேயே நின்றுவிடும். இதனை உணர்ந்தே பெத்தேல் மருத்துவமனையில் யூப்பிக் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியுள்ளனர். அம்மருத்துவமனையை விரிவாக்கிய திட்டத்திற்குப் பால் சான் என்னும் யூப்பிக் முதியவர் பெயரோடு, நலமாய் வாழ்தலைக் குறிக்கும் யூப்பிக் சொல்லையே சூட்டினர்.

2020ஆம் ஆண்டு திசம்பரிற் கொரோனாத் தடுப்பூசி வந்தபோது, இனக்குழு மருத்துவ அமைப்புகளுக்குத் தனிப்பங்கு கிடைத்தது. பெத்தேல் நிறுவனம் சிறு வானூர்திகளை அமர்த்தி, கடுங்குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்து கெடுமுன்னே ஊர் ஊராக இறங்கி ஊசி போட்டது. 1925ஆம் ஆண்டு நோமுக்கு மருந்து கொண்டுவந்த நாய்களுள் நெடுந்தொலைவு ஓடிய தோகோவின் பெயரையே அம்முயற்சிக்கு இட்டனர். அடுத்த சில திங்கள்களில், தடுப்பூசி போடுவதில் அலாசுக்கா அந்நாட்டின் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாய் நின்றது.

அதே திசம்பரில், அலாசுக்காவிலிருந்து பல்லாயிரங் கல் தொலைவில், ஓக்லகோமா மாநிலத்திலும் இத்தகைய மருத்துவமனைகளை நடத்துகின்ற செரோக்கி இனத்தார் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. இருக்கும் மருந்தோ சிறிது, முதலில் யாருக்கு? மருத்துவப் பணியாளர், முதியோர் என்பது எங்குமுள்ள வரிசை. செரோக்கி மொழியைத் தங்குதடையின்றிப் பேசுவோர் ஏறத்தாழ இரண்டாயிரவரே எஞ்சியிருந்தனர், பெரும்பாலும் முதியவர்கள். அவர்கள் கையொப்பமிட்ட பெயரேடு ஒன்றை 2019ஆம் ஆண்டிலேயே அவ்வினத்தார் தொடங்கியிருந்தனர். எந்த அரசின் முன்னுரிமைப் பட்டியலிலும் மொழி பேசுவோர் என்றொரு வரி இல்லை. மருத்துவமனை அவர்களுடையது, ஆகவே அவ்வரியை அவர்களே எழுதிச் சேர்த்தனர். பெயரேட்டைத் திறந்து, மொழி பேசுவோரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, முதல் வரிசையில் நிறுத்தி ஊசி போட்டனர்.